ஆளில்லாத் தீவிலிருந்து ஒரு சேதி

தில்லியில் வசிக்கும் தமிழர்களில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகாதவர் அபூர்வம். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும், தேங்காய்க்கும் நேந்திரம் சிப்ஸுக்கும், கடலே இல்லாத ஊரில் பனிக்கட்டி மேல் கிடக்கும் வஞ்சிரத்துக்கும் அங்கேதான் போயாக வேண்டும். பை நிறைய வாங்கிக்கொண்டு அரவிந்தோ மார்க் பக்கம் வந்தால் எதிரே தெரிவது சஃப்தர்ஜங் விமானநிலையத்தின் வளாகம். 1929இல் வில்லிங்டன் விமானத்தளமாகத் தொடங்கிய இடம் அது. 1962இல் பயணிகள் விமானங்கள் பாலம் விமானநிலையத்துக்கு இடம் மாறும்வரை தலைநகரின் விமானநிலையம் அதுதான். விமானங்கள் போய்விட்டாலும் அலுவலகங்கள் அங்கேயே தங்கிவிட்டன. விமானநிலைய ஆணையத்தின் ராஜீவ் காந்தி பவன், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆட்டோவில் சில நிமிடம் போனால் லோதி சாலையில் இந்திய வானிலைத் துறையின் தலைமையகமான மௌசம் பவன் வந்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு அவ்வப்போது ஒரு சேதி வந்துசேர்கிறது. அனுப்பும் இடத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. கையெழுத்து கிடையாது, வணக்கம் கிடையாது. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சுருக்கிச் சுருக்கி எழுதிய சில வரிகள். அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவின் எரிமலை சாம்பலைக் கக்கியிருக்கிறது, அது இவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான் சேதி. தீவிலிருந்து தில்லி சுமார் 2,500 கிலோமீட்டர். சேதி வரும் பாதையோ அதைப் போலப் பல மடங்கு நீளம். அந்தப் பாதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பாரன் தீவு போர்ட் பிளேருக்கு, அதாவது 2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு, வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. குறுக்களவு மூன்று கிலோமீட்டர்தான். உச்சி கடல்மட்டத்திலிருந்து 354 மீட்டர். செஞ்சிக் கோட்டையின் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய உயரமாகத் தோன்றாது. ஆனால் நாம் பார்ப்பது மலையின் நுனியை மட்டும். மிச்ச மலை இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல் கடலுக்கு அடியில் நிற்கிறது. இந்தியத் தட்டு கிழக்கே பர்மாத் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போவதால் பிறந்த எரிமலை இது. அந்தமான் தொடங்கி சுமத்ரா, ஜாவா வரை நீளும் எரிமலை வரிசையில் இந்திய மண்ணில் உயிரோடு இருப்பது இது ஒன்றே. தீவில் குடியிருப்பு கிடையாது. எப்போதோ விடப்பட்டு, காட்டு ஆடுகளாகவே மாறிவிட்ட ஆடுகளும் சில பறவைகளும் உண்டு. சுற்றுலாப் பயணிகளைக் கரையில் இறங்க விடுவதில்லை. படகிலிருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும்.

இந்த மலை சாம்பல் கக்குவது எப்படி இருக்கும் என்பதை 2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அருகிலிருந்து பார்த்தார்கள். ‘சிந்து சங்கல்ப்’ என்ற ஆய்வுக் கப்பலில், அந்தமான் கடலின் அடிமண்ணை எடுப்பதற்காகப் போயிருந்தவர்கள் அவர்கள். மலை திடீரென்று சாம்பலைத் தள்ள ஆரம்பித்தது. கப்பலைச் சுமார் ஒரு மைல் தள்ளி நிறுத்திக்கொண்டு கவனித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நிமிடம் சீறும், ஓயும், மறுபடி சீறும். பகலில் கண்ணுக்குத் தெரிந்தது சாம்பல் மேகம் மட்டுமே. இருட்டிய பிறகுதான் வாயிலிருந்து சிவப்பாகப் பீறிட்ட எரிமலைக் குழம்பும் அது சரிவில் வழிவதும் தெரிந்தன. அங்கே அள்ளிய மாதிரியில் கரித்துண்டு போலக் கருத்த எரிமலைக் கற்கள் கிடைத்தன. விட்டு விட்டுச் சீறும் இந்த குணத்தால்தான் இதைக் கண்காணிப்பது கடினமாகிறது. பத்து நிமிடச் சீற்றத்தை ஒருவர் பார்க்க வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடமும் அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தச் சேதியைச் சுமந்தவை பாய்மரக் கப்பல்கள். பாரன் தீவின் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது 1787இல். அந்தமானை அளக்க வந்த ஆர்க்கிபால்ட் பிளேர் 1789இல் இந்தத் தீவைப் பார்த்து எழுதினார். போர்ட் பிளேர் என்ற பெயர் அவரைக் கொண்டு வந்ததுதான். அவர் எழுதியது கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அன்றைய சாம்பல் எப்போதோ கடலில் கரைந்திருக்கும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்று வானத்தில் பறந்தவை பறவைகள் மட்டுமே. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலை அடங்கிப்போனது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் பெயரில் இருக்கும் இந்திய தேசிய ராணுவத்தின் தலைவர் நேதாஜி, 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் கொடியேற்றி, அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிகோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் வைத்தபோது, பக்கத்திலேயே இருந்த இந்த மலை தூங்கிக்கொண்டிருந்தது. 1991இல் விழித்தது. பிறகு 1994-95இல் ஒரு முறை. 2004 டிசம்பர் 26 பூகம்பமும் சுனாமியும் வந்துபோன சில மாதங்களில், 2005 மே மாதம் மறுபடியும். அதற்குப் பிறகு நீண்ட ஓய்வு என்று எதுவும் இல்லை. 2025 செப்டம்பரிலும் எட்டு நாள் இடைவெளிக்குள் இரண்டு முறை சிறிதாக வெடித்தது.

இப்போது சேதியின் முதல் சாட்சி விண்வெளியில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜப்பானின் ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பூமியின் ஒரு முழு முகத்தைப் படமெடுக்கிறது. அந்தப் படத்தின் மேற்கு ஓரத்தில் நம் தீவும் வந்துவிடும். இந்தியாவின் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவையும் அந்தக் கடலைப் பார்க்கின்றன. அவற்றின் படங்கள் மௌசம் பவனுக்கே வருகின்றன.

படத்தில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு திட்டு தெரிந்தால் அது மழைமேகமா, எரிமலைச் சாம்பலா என்று எப்படிச் சொல்வது? இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. ஃபிரெட் பிராட்டா என்ற விஞ்ஞானி 1989இல் விளக்கிய முறை அது. செயற்கைக்கோள் வெப்பத்தை இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளில் அளக்கிறது. ஒன்று சுமார் 11 மைக்ரான், மற்றது 12. நீரும் பனிக்கட்டியும் உள்ள மேகத்தின் வழியே பார்த்தால் பதினொன்றில் வெப்பநிலை சற்றுக் கூடுதலாகத் தெரியும். சிலிக்கா நிறைந்த சாம்பலின் வழியே பார்த்தால் இது தலைகீழாகிவிடும். பன்னிரண்டு கூடும், பதினொன்று குறையும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை மைனஸில் வருமிடம் சாம்பல். இவ்வளவு எளிய கணக்குக்கும் நம் கடலில் ஒரு தொல்லை இருக்கிறது. அந்தமான் காற்றில் ஈரம் அதிகம். நீராவி இந்த வித்தியாசத்தை அமுக்கிவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தீவின் மேல் மேகமூட்டம் வேறு. அடியில் மலை சீறினாலும் மேலேயிருந்து பார்ப்பவருக்கு மேகம் மட்டுமே தெரியும்.

படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பாரன் தீவைப் பொறுத்தவரை அவர் உட்கார்ந்திருப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில். தீவிலிருந்து ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர். உலக வானத்தை ஒன்பதாகப் பிரித்து, லண்டன், துலூஸ், டார்வின், டோக்கியோ, வாஷிங்டன் முதலான ஒன்பது எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவின் எரிமலைகளோடு சேர்ந்து நம் பாரன் தீவும் டார்வினின் பங்குக்குப் போய்விட்டது. ஷிஃப்டில் இருக்கும் வானிலையாளர் படத்தைப் பார்க்கிறார், காற்று எந்த உயரத்தில் எப்படி வீசுகிறது என்று பார்க்கிறார், பிறகு எழுதுகிறார். எரிமலையின் எண் 260010. இருக்குமிடம், நாடு, உச்சியின் உயரம், தகவல் கிடைத்த வழி, விமானங்களுக்கான நிற எச்சரிக்கை, சாம்பல் இப்போது இருக்கும் பரப்பு, ஆறு மணி நேரத்தில், பன்னிரண்டில், பதினெட்டில் எங்கே இருக்கும், அடுத்த அறிவிப்பு எப்போது. அவ்வளவுதான் சேதி.

பாரன் தீவைப் பற்றிய அறிவிப்புகளில் உயரம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் என்றே இருக்கும். ஜெட் விமானம் பறப்பது பத்து, பதினொரு கிலோமீட்டரில். செயற்கைக்கோள் படத்தில் சாம்பலைப் பிரித்தறிய முடியவில்லை என்று ஒற்றை வரியில் முடியும் அறிவிப்புகளும் உண்டு. அந்த வரியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் உட்கார்ந்து, தேடி, கிடைக்கவில்லை என்பதைப் பொறுப்போடு எழுதியிருக்கிறார். விமானிக்கு அதுவும் தகவல்தான்.

டார்வினில் எழுதிய சேதி எஃப்.வி. என்று தொடங்கும் தலைப்போடு விமானத் தகவல் வலைப்பின்னலில் ஏறுகிறது. இந்தியாவில் அதை வாங்குபவை சென்னை, மும்பை, கொல்கத்தா, தில்லி ஆகிய நான்கு வானிலைக் கண்காணிப்பு அலுவலகங்கள். தங்கள் வான்பரப்பைச் சாம்பல் தொடும் என்றால், அவர்கள் அதிலிருந்து சிக்மெட் என்ற எச்சரிக்கையைத் தயாரிக்கிறார்கள். இடிமேகத்துக்கான சிக்மெட் நான்கு மணி நேரம் செல்லும். எரிமலைச் சாம்பலுக்கானது ஆறு மணி நேரம். தலைப்பு டபிள்யூ.வி. என்று மாறிவிடும். அங்கிருந்து விமானக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு, விமான நிறுவனங்களின் டிஸ்பேட்சர்களுக்கு. டிஸ்பேட்சர் வரைபடத்தில் பாதையைச் சற்று வளைக்கிறார். வளைத்த பாதைக்கு எவ்வளவு எரிபொருள் கூடுதல் என்று கணக்குப் போடுகிறார். புறப்படுவதற்கு முன் விமானி திறக்கும் கோப்பில் கடைசியில் அது ஒரு வரியாகவும் ஒரு கோட்டோவியமாகவும் நிற்கிறது. ஆளில்லாத் தீவிலிருந்து கிளம்பியது விண்வெளிக்குப் போய், ஆஸ்திரேலியாவில் இறங்கி, இந்தியாவுக்குத் திரும்பி, சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் விமானத்தின் முன்னறைக்கு வந்துவிட்டது.

இத்தனை பாடு எதற்கு? சாம்பல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அடுப்படியில் பாத்திரம் துலக்கிய சாம்பல், அல்லது விபூதி. விரலில் பட்டால் மாவாக இருக்கும். எரிமலைச் சாம்பல் பொடிந்த பாறையும் கண்ணாடியும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். விமானத்தின் முன் கண்ணாடியை அது உரசி உரசி மங்கச் செய்துவிடும். எஞ்சினுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசம். எரிப்பறையின் வெப்பத்தில் துகள் உருகும், உருகியது பின்னால் உள்ள டர்பைன் இதழ்களில் போய் ஒட்டி இறுகும், காற்றின் வழி அடைபடும், எஞ்சின் நின்றுபோகும். 1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747க்கு இதுதான் நேர்ந்தது. ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் அறியாமல் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே 263 பேர். முப்பத்தேழாயிரம் அடியிலிருந்து விமானம் சறுக்கிக்கொண்டே இறங்கியது. சாம்பலுக்குக் கீழே சுத்தமான காற்றுக்கு வந்த பிறகுதான் எஞ்சின்கள் மறுபடி இயங்கின. மங்கிப்போன கண்ணாடி வழியே கேப்டன் எரிக் மூடி ஜகார்த்தாவில் இறக்கினார். அனைவரும் பிழைத்தார்கள்.

அந்த விமானத்தில் வானிலை ரேடார் இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் ரேடார் தேடுவது நீர்த்துளியை. ஈரமில்லாத நுண்துகள் அதன் கண்ணில் படாது. இரவில் விமானியின் கண்ணிலும் படாது. ஆகவே சாம்பல் எங்கே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். 1980களின் இறுதியில் சர்வதேச ஏற்பாடும், தொண்ணூறுகளில் இந்த ஒன்பது மையங்களும் உருவானது அப்படித்தான்.

தில்லிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு ஒன்று இருப்பதே 2025 நவம்பரில்தான் தெரிந்தது. வந்தது பாரன் தீவின் சாம்பல் அல்ல. நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. கடந்த சுமார் 12,000 ஆண்டுகளில் வெடித்ததாகப் பதிவே இல்லாத மலை. சாம்பலும் கந்தக டை ஆக்சைடும் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறின. பக்கத்து ஊரான அஃப்தேராவில் மேய்ச்சல் நிலம் சாம்பலால் மூடிப்போய், ஆடுமாடுகளுக்குத் தீவனம் இல்லாமல் போனது. மேலே போனதை மேல்காற்று பிடித்துக்கொண்டது. செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக அரபிக் கடலுக்கு வந்து, 24ஆம் தேதி மாலை குஜராத், ராஜஸ்தான் பக்கம் நுழைந்து, இரவு பதினொரு மணி வாக்கில் தில்லிக்கு மேலே வந்துவிட்டது. நாலாயிரம் கிலோமீட்டரை இரண்டு நாளுக்குள் கடந்திருக்கிறது.

ஆனால் சேதி சாம்பலை முந்திவிட்டது. இம்முறை எழுதியது பிரான்சின் துலூஸ் மையம். மும்பை, தில்லி, கொல்கத்தா அலுவலகங்கள் சிக்மெட் வெளியிட்டன. 24ஆம் தேதியே டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது: சாம்பல் இருக்கும் பகுதியையும் உயரத்தையும் கண்டிப்பாகத் தவிர்க்கவும், பாதையையும் எரிபொருளையும் மாற்றிக் கணக்கிடவும், எஞ்சினில் ஏதாவது மாறுதலோ உள்ளே புகையோ வாடையோ இருந்தால் உடனே தெரிவிக்கவும், ஓடுபாதைகளைப் பரிசோதிக்கவும். கண்ணூரிலிருந்து அபுதாபிக்குக் கிளம்பிய இண்டிகோ விமானம் அகமதாபாதுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஏர் இந்தியா பதினொரு பயணங்களை ரத்து செய்தது. துபாய் - சென்னை, சென்னை - மும்பை விமானங்களும் அதில் அடக்கம். குறிப்பிட்ட பகுதிகளுக்கு மேலே பறந்து வந்த விமானங்களைச் சோதிக்க வேண்டியிருந்ததே காரணம்.

மறுநாள் மார்க்கெட்டில் எல்லோர் வாயிலும் இதே பேச்சு. “ஏங்க, மொட்டைமாடியில வடாம் காயப் போட்டிருக்கேன், எடுத்துடணுமா?” என்று தேங்காய் பொறுக்கிக்கொண்டே ஒரு மாமி கேட்டார். பக்கத்தில் நின்றவர், “அதெல்லாம் ரொம்ப மேல போகுது மாமி, கீழ இறங்காது. நம்ம கண்ணு எரியறது எப்பவும் வர்ற புகைதான்” என்றார். அவர் சொன்னது சரி. சாம்பல் விமானங்கள் பறக்கும் உயரத்தில் இருப்பதால் தரைக்காற்றின் தரத்தைப் பாதிக்காது என்றுதான் வானிலைத் துறையும் சொல்லியிருந்தது. அந்த வாரம் தில்லியின் காற்று ‘மிக மோசம்’ என்ற வகையில் இருந்தது. அதற்கு எத்தியோப்பியாவைக் குறை சொல்ல வழியில்லை. 25ஆம் தேதி மாலை ஏழரை மணிக்குள் சாம்பல் இந்தியாவை விட்டுச் சீனப் பக்கம் போய்விடும் என்று துறை கணித்தது.

இந்த நிகழ்ச்சியை வைத்துப் பாரன் தீவை நினைத்துப் பார்க்கிறேன். வெடித்ததாகப் பதிவே இல்லாத மலை ஒன்று ஒரே மூச்சில் 14 கிலோமீட்டர் ஏறிவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேலாக அவ்வப்போது வெடித்துவரும் நம் மலை ஒன்றிரண்டு கிலோமீட்டரோடு நின்றுகொண்டிருக்கிறது. இதை வைத்து அது சாது என்று எண்ணிவிட முடியாது. தீவின் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இடிந்து உள்வாங்கிய பெரும்பள்ளம் இருக்கிறது. இன்று புகையும் கூம்பு அந்தப் பள்ளத்துக்குள் பிற்பாடு வளர்ந்தது. பழைய மலை ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாகக் குலுங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பள்ளமே சாட்சி. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களின் வழி இந்தக் கடலுக்கு மேலேதான். இந்திய மண்ணில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலையின் சேதியை முதலில் எழுதுபவர் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார் என்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வேலையை அவர்கள் செம்மையாகச் செய்கிறார்கள். ஆனால் மழைமேகத்துக்கு அடியில் நடப்பதை விண்வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அருகில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு.

அருகில் இருப்பவர்கள் யார்? கடற்படை, கடலோரக் காவல்படை, ஆய்வுக் கப்பல்கள், அந்த வழியே பறக்கும் விமானிகள். விமானி எரிமலைச் சாம்பலையோ வெடிப்பையோ கண்டால் அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது. எங்கிருந்து பார்த்தார், எத்தனை மணிக்கு, சாம்பல் எந்தப் பக்கம், உச்சி எவ்வளவு உயரம், என்ன நிறம், மின்னல் உண்டா, கந்தக வாடை வந்ததா என்று வரிசையாகக் கேட்கும். முதல் பகுதியைப் பறந்துகொண்டே வானொலியில் சொல்லிவிடலாம். மிச்சத்தை இறங்கிய பிறகு எழுதிக் கொடுக்கலாம். போர்ட் பிளேருக்கு இறங்கும் விமானி ஜன்னலில் பார்த்துச் சொல்லும் ஒரு வாக்கியம் வானிலை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து டார்வினுக்குப் போனால், அடுத்த அறிவிப்பில் தகவல் கிடைத்த வழி என்ற இடத்தில் ஹிமாவாரியின் பெயருக்குப் பக்கத்தில் விமானியின் அறிக்கை என்றும் சேர்ந்துகொள்ளும்.